நான் பிரேக்கை மிதிக்கவே இல்ல சார்

பெங்களூர்ல மேயோ ஹால் கோர்ட்டுல வண்டி விபத்து கேஸ் நடத்துற வக்கீல் நான், சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். "பிரேக் புடிக்கல சார்"னு சொன்ன டிரைவருங்களை நூறு பேரையாவது பாத்திருப்பேன். "பிரேக் தானா புடிச்சிருச்சு சார்"னு ஒருத்தர் என் எதிர்ல வந்து உக்காந்தது போன வருஷம்தான் முதல் தடவை. ஆள் யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரத்தை மாத்திட்டுதான் எழுதுறேன்.

அவரு திருநெல்வேலிக்காரர், எலக்ட்ரானிக் சிட்டியில ஐடி வேலை. ஓசூர் ரோட்டுல காலைல ஏழு மணிக்கு, கூட்டம் அதிகமில்லாத நேரம், சுமார் அறுபதுல போய்க்கிட்டு இருந்திருக்காரு, ஏதோ ஒரு பிளாஸ்டிக் கவர் பறந்து வந்துச்சாம், வண்டி டிங் டிங்னு கத்திக்கிட்டே தானா சடார்னு நின்னுருச்சு, பின்னாடி சாப்பாடு டெலிவரி பண்ற பையன் ஸ்கூட்டர்ல வந்து நேரா டிக்கியில இடிச்சு விழுந்துட்டான். தர்மபுரிப் பையன். தொடை எலும்பு முறிஞ்சு உள்ள ராடு வச்சிருக்காங்க. ஆஸ்பத்திரியில இவரு பாக்கப் போனப்ப அந்தப் பையன் கேட்டது ஒரே கேள்விதான், "முன்னாடி ஒண்ணுமே இல்லையே அண்ணா, ஏன் பிரேக் போட்டீங்க?" இவருகிட்ட பதில் இல்ல. என்கிட்ட வந்து, "நான் பிரேக்கை மிதிக்கவே இல்ல சார், சத்தியமா கார்தான் போட்டுச்சு"ங்கறாரு.

எஃப்ஐஆர் கன்னடத்துல இருந்துச்சு. இங்க எந்த விபத்து எஃப்ஐஆரை எடுத்தாலும் "அதிவேக மத்து அஜாகரூகதெயிந்த"னு ஒரு வரி தவறாம வந்துரும், நம்ம ஊர்ல அஜாக்கிரதைம்போமே அதேதான். பாரதிய நியாய சம்ஹிதா 281 (அஜாக்கிரதையா ஓட்டினது), 125(பி) (கொடுங்காயம் உண்டாக்கினது) போட்டு, டிரைவர்ங்கற இடத்துல இவரு பேர். கார் தானா நின்னுச்சுன்னு எழுத அதுல இடமே இல்ல. அடுத்து மோட்டார் வாகன ஆய்வாளர் ரிப்போர்ட். கால் பிரேக், கை பிரேக், டயர், லைட், எங்க எங்க நசுங்கிருக்கு, கடைசியில "விபத்து இயந்திரக் கோளாறால் நிகழவில்லை"னு ஒரு வரி, கையெழுத்து, சீல். அவரைக் குத்தம் சொல்லல, பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு, இன்னும் சொல்லப்போனா ரொம்பவே நல்லா இருந்துச்சு, அதுதான பிரச்சனையே. ஆனா அந்தக் கார்ல ரேடார், கேமரா எல்லாம் இருந்துச்சு, அன்னைக்கு எந்த சாஃப்ட்வேர் ஓடிச்சுன்னு கேக்குற கட்டம் அந்த ஃபாரத்துல கிடையாது.

இந்த அடாஸ் (ADAS), அதாவது டிரைவருக்கு உதவுற சிஸ்டம்ங்கற சமாச்சாரம் இப்ப நடுத்தர விலைக் கார்லயே வந்துருச்சு. தானா பிரேக் போடும், லேன்ல புடிச்சு நிறுத்தும், முன்னாடி வண்டியைப் பாத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். எஸ்ஏஇங்கற வாகனப் பொறியாளர்கள் அமைப்போட ஜே3016 தரத்துல 0 முதல் 5 வரை லெவல் பிரிச்சிருக்காங்க, நம்ம ஊர்ல "லெவல் 2"னு கூவிக் கூவி விக்கிறாங்களே அதுல வண்டி உதவிதான் பண்ணும், ஓட்டுறது நீங்க, கண்ணு ரோட்டுலயே இருக்கணும். 3ல இருந்துதான் சில சூழ்நிலையில சிஸ்டமே ஓட்டுதுன்னு அர்த்தம். ஷோரூம்ல இதை யாரும் சொல்றதில்ல, ஸ்டியரிங்ல இருந்து கையை எடுத்துட்டு "பாருங்க சார்"னு டெமோதான் காட்டுறாங்க. கையை எடுத்தா வண்டி கத்துதேன்னு ஸ்டியரிங்ல தண்ணி பாட்டில் சொருகி ஏமாத்துற ஆளுங்க வேற இருக்காங்க (என் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் அதை வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டான், போன் பண்ணித் திட்டினேன், நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அவனுக்கு எதிரான முதல் சாட்சி அந்த வீடியோதான்).

சரி, சட்டம் என்ன சொல்லுது? நம்ம மோட்டார் வாகனச் சட்டம் 1988ல வந்தது. அதுல பிரிவு 2(9)ல "டிரைவர்"னா யாருன்னு ஒரு விளக்கம் இருக்கு. கயிறு கட்டி இழுத்துட்டுப் போற வண்டியில ஸ்டியரிங் பிடிச்சு உக்காந்திருக்காரே அவரும் டிரைவர்தான்னு யோசிச்சு எழுதியிருக்காங்க. ஸ்டியரிங்கைப் பிடிக்காம உக்காந்திருக்கறவரைப் பத்தி யோசிக்கல, 1988ல யாரு யோசிப்பா. பிரிவு 3 லைசென்ஸ் இல்லாம யாரும் ஓட்டக்கூடாதுங்குது, 134 விபத்து நடந்தா அடிபட்டவரை டிரைவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்ங்குது, எல்லா இடத்துலயும் ரத்தமும் சதையுமா ஒரு மனுஷன் இருக்காருன்னு வச்சுதான் சட்டமே நிக்குது. 2019 திருத்தத்துல 2பின்னு ஒரு புதுப் பிரிவு சேத்தாங்க, ஆராய்ச்சிக்காக சில வகை வண்டிகளுக்கு மத்திய அரசு விலக்கு குடுக்கலாம்னு. பெங்களூர்லயே மைனஸ் ஜீரோங்கற கம்பெனி 2023ல ஸ்டியரிங் இல்லாத ஒரு குட்டி வண்டியைக் காட்டினாங்க, அந்த மாதிரி முயற்சிக்கெல்லாம் கதவு அந்த 2பி வழியாத்தான் திறக்கணும். ஆனா டிரைவர் இல்லாத கார் ரோட்டுக்கு வர விட மாட்டேன், லட்சக்கணக்கான டிரைவருங்க வேலை போயிரும்னு மந்திரி நிதின் கட்கரி 2017லயும் சொன்னாரு, 2023லயும் சொன்னாரு. அவரு சொல்றதுல நியாயம் இருக்கு. அதுக்காக நம்ம ஊருக்கு இந்தப் பிரச்சனை வராதுன்னு நினைச்சா அது தப்பு, பாதி தானா ஓடுற கார் ஏற்கனவே ஓசூர் ரோட்டுல ஓடிக்கிட்டுதான் இருக்கு. மேல பாத்தா எல்லோ லைன் மெட்ரோ, டிரைவர் இல்லாமலே ஓட்டக்கூடிய ரயில்தான், 2025 ஆகஸ்ட்ல திறந்தாங்க. ஆனா அதுக்குத் தனிப் பாதை, தனிச் சட்டம், குறுக்க மாடு வராது, ராங் சைடுல ஆட்டோ வராது. கீழ வரதெல்லாம் நம்ம தலைவிதி.

கலிஃபோர்னியாவுல ஆளே இல்லாத டாக்ஸி ஓடுது. சான் புரூனோங்கற ஊர்ல 2025 செப்டம்பர்ல போலீஸ்காரங்க, கூடாத இடத்துல யூ டர்ன் அடிச்ச வேமோ டாக்ஸியை நிறுத்திப் பாத்தா உள்ள ஆளே இல்ல, டிக்கெட் யாருக்குக் கிழிக்கறதுன்னு தெரியாம கம்பெனிக்குத் தகவல் சொல்லி விட்டுட்டாங்க. இங்க நம்ம டிராஃபிக் போலீஸ் சில்க் போர்டு சந்திப்பு நெரிசல்ல அந்த மாதிரி வண்டியைக் கை காட்டி நிறுத்துறதை நினைச்சா எனக்கு சிரிப்பு வருது.

ஆனா 2018ல அரிசோனாவுல டெம்பி ஊர்ல ஊபரோட சோதனைக் கார் ரோட்டைக் கடந்த ஒரு அம்மாவை இடிச்சுக் கொன்னுச்சே, அதுல கம்பெனி மேல கிரிமினல் கேஸ் போடல. சீட்டுல உக்காந்து கண்காணிக்கற வேலையில இருந்தவங்க மேலதான் கேஸ், 2023ல குத்தத்தை ஒத்துக்கிட்டு மூணு வருஷம் கண்காணிப்புத் தண்டனை (ப்ரொபேஷன்) வாங்கினாங்க. மெஷின் தப்பு பண்ணாலும் பக்கத்துல இருக்குற மனுஷன் தலையிலதான் முதல்ல விடியும்னு நான் கட்சிக்காரங்ககிட்ட அடிக்கடி சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

இப்ப நம்ம திருநெல்வேலிக்காரர் விஷயத்துக்கு வருவோம். பையனுக்கு நஷ்டஈடு கிடைக்கறதுல பெரிய சிக்கல் இருக்காதுன்னுதான் நினைக்கிறேன். மூணாம் நபர் இன்சூரன்ஸ் இருக்கு, பாலிசிக்குள்ள தகராறு இருந்தாலும் முதல்ல கம்பெனி கட்டிட்டு அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோன்னு 2004 ஸ்வரண் சிங் கேஸ்ல இருந்து சுப்ரீம் கோர்ட் வழி காட்டியிருக்கு. பின்னாடி வந்தவன் இடைவெளி விடலன்னு இன்சூரன்ஸ்காரங்க சண்டை போடுவாங்க, பையன் மேலயும் இத்தனை சதவீதம் தப்புன்னு ஏதாவது கழிப்பாங்க. அது பழகின சண்டை. பழகாதது எதுன்னா, என் கட்சிக்காரர் மிதிச்சாரா கார் மிதிச்சுச்சாங்கறதை நிரூபிக்கறது. அது தெரிஞ்சாதான் கிரிமினல் கேஸ்ல இருந்து அவரு தப்பிக்க முடியும், காரைத் தயாரிச்சவன் மேல 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல 84வது பிரிவு வடிவமைப்புக் குறைன்னு போக முடியும்.

அந்த உண்மை காருக்குள்ளயே பதிவாகியிருக்க வாய்ப்பு இருக்கு, பெடலை மிதிச்சது காலா சிஸ்டமாங்கறது வரைக்கும். சர்வீஸ் சென்டர்ல போய்க் கேட்டோம். "லாக் (பதிவு) இருக்கும் சார், ஆனா அது கம்பெனி சர்வருக்குப் போயிரும், நாங்க எடுத்துத் தர முடியாது"ன்னாங்க. மெயில் போட்டோம், கஸ்டமர் கேர்ல இருந்து வழக்கமான வருந்துகிறோம் பதில். அதை விடக் கொடுமை, டிக்கியை டிங்கரிங் பண்ணி வண்டியைத் திருப்பிக் குடுத்தப்ப பில்லுல கடைசி வரி, "சாஃப்ட்வேர் அப்டேட், இலவசம்". நான் தலையில கை வச்சுட்டேன். விபத்து அன்னைக்கு ஓடின சாஃப்ட்வேரே இப்ப அந்தக் கார்ல இல்ல, கொலை நடந்த வீட்டுக்கு இலவசமா வெள்ளையடிச்சுக் குடுத்த கதை.

இதுல வெளிநாட்டுக்காரன் எவ்வளவு முன்னாடி யோசிச்சிருக்கான் பாருங்க. ஜெர்மனியில 2017லயே அவங்க சாலைச் சட்டத்துல சேத்துட்டாங்க, தானா ஓட்டுற சிஸ்டம் இருக்குற கார்ல கட்டுப்பாடு மனுஷன்கிட்ட இருந்து சிஸ்டத்துக்கு மாறுற நேரமும் இடமும் பதிவாகணும், ஆறு மாசம் வைக்கணும், விபத்துல சிக்கின வண்டின்னா மூணு வருஷம். பிரிட்டன்ல 2018 சட்டப்படி இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல பணம் குடுத்துட்டு அப்புறம் தயாரிப்பாளர்கிட்ட வாங்கிக்கலாம், நம்ம ஸ்வரண் சிங் மாதிரிதான், ஆனா வசூல் பண்ற திசை வேற. 2024ல இன்னொரு சட்டம் போட்டு, வண்டி தானா ஓடும்போது நடக்கற ஓட்டுதல் குத்தத்துக்கு சீட்டுல இருக்கறவரைத் தண்டிக்க முடியாதுன்னு எழுதி வச்சிருக்காங்க. அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல 2019ல நடந்த ஒரு டெஸ்லா விபத்து, டிரைவர் கீழ விழுந்த போனைத் தேடிக் குனிஞ்சிருக்காரு, ஒரு 22 வயசுப் பொண்ணு இறந்துட்டாங்க, 2025 ஆகஸ்ட்ல ஜூரி கம்பெனிக்கு 33 சதவீதப் பொறுப்புன்னு சொல்லி, கம்பெனி கட்ட வேண்டியது 24 கோடி டாலருக்கு மேலன்னு தீர்ப்பு குடுத்தாங்க. அந்தக் கேஸ்லயும் பெரிய சண்டை காரோட டேட்டாவைப் பத்திதான், பாதிக்கப்பட்டவங்க பக்கத்து நிபுணர் காருக்குள்ள இருந்த சிப்புல இருந்து எடுத்துக் காட்டினாரு.

நம்ம ஊர்ல அப்படி ஒரு கட்டாயம் இல்லாத வரைக்கும் நீங்களேதான் பாத்துக்கணும். அடாஸ் கார்ல விபத்துன்னா, அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு, டாஷ்போர்டுல என்ன எச்சரிக்கை காட்டுதோ அதை போன்ல வீடியோ எடுங்க, கிலோமீட்டரும் நேரமும் தெரியற மாதிரி. அடாஸ் ஆன்ல இருந்துச்சான்னு போலீஸ்கிட்ட வாக்குமூலத்துலயே சொல்லிருங்க, ஆறு மாசம் கழிச்சு சொன்னா வக்கீல் சொல்லிக் குடுத்த மாதிரி கேட்கும். தயாரிப்பாளருக்கு ஒரு வாரத்துக்குள்ள மெயில்லயும் பதிவுத் தபால்லயும் டேட்டாவை அழிக்காதீங்கன்னு நோட்டீஸ் அனுப்பணும், சர்வீஸ் சென்டர்ல வண்டியை விடும்போதே ஜாப் கார்டுல "அப்டேட் செய்ய வேண்டாம்"னு எழுதச் சொல்லுங்க. அப்புறம் கோர்ட் வழியா, பிஎன்எஸ்எஸ் (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94லயோ விபத்து நஷ்டஈட்டு கிளைம்ஸ் ட்ரிபியூனல்லயோ மனு போட்டு வரவழைக்கறது எங்க வேலை. வந்தாலும் புது சாட்சியச் சட்டம் (பாரதிய சாட்சிய அதினியம்) 63 பிரிவுச் சான்றிதழ், ஃபைல் மாறலன்னு காட்டுற ஹேஷ் மதிப்போட, வேணும். டேஷ்கேம் வச்சிருந்தா மெமரி கார்டை உருவிப் பத்திரமா வைங்க, அது மேலேயே திரும்பத் திரும்பப் பதிவாகி அழிஞ்சிரும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. கோர்ட்டுல உங்களுக்குத் தர மாட்டேங்கற அதே டேட்டா வேற யாருக்கோ தாராளமாப் போகும். விவாகரத்து கேஸ்ல ஒரு பொண்ணு, தான் எங்க போனாலும் வீட்டுக்காரருக்குத் தெரியுதேன்னு குழம்பிப் போய் வந்தாங்க, பாத்தா காரோட ஆப் அவரு போன்ல லாகின் ஆகி இருந்துச்சு, எங்க நிக்குது, எப்ப பூட்டினாங்க எல்லாம். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கறவங்களும் ஆர்சி மாத்துறதோட நிறுத்திடறாங்க, பழைய ஓனரோட ஆப் அக்கவுண்டை நீக்கச் சொல்றதில்ல. 2015லயே அமெரிக்காவுல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஓடுற ஜீப்பை இன்டர்நெட் வழியா தூரத்துல இருந்தே ஆட்டி வச்சு, 14 லட்சம் வண்டியைத் திரும்பக் கூப்பிட வேண்டி வந்துச்சு. நம்ம 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டத்துக்கு ரூல்ஸ் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, முக்கியமான பிரிவுகளுக்கு இன்னும் 18 மாச அவகாசம் குடுத்திருக்காங்க. அது முழுசா அமலுக்கு வந்தா "என் காரோட லாக் என் தரவுதான், குடு"ன்னு கேக்கற முதல் ஆள் நானாத்தான் இருப்பேன்.

திருநெல்வேலிக்காரர் கேஸ் இன்னும் நடந்துக்கிட்டுதான் இருக்கு. அடுத்த வாய்தாவுல மோட்டார் வாகன ஆய்வாளர் சாட்சிக் கூண்டுக்கு வராரு. வயசான, நேர்மையான மனுஷன், பல கேஸ்ல பாத்திருக்கேன். பிரேக்கைச் சோதிச்சீங்களா, ஆமா. டயரைப் பாத்தீங்களா, ஆமா. அதுக்கு அப்புறம் அந்தப் பிரேக்கைப் போட்டது யாருன்னு பாத்தீங்களான்னு கேக்கப்போறேன்.