மரமேறும் மூங்கில்: மேலே வெட்டிப் பயனில்லை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் காட்டையொட்டி டுரியான் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அண்ணே, மருந்து அடிச்சும் இந்தக் கொடி சாகலையே?" மரத்தில் ஏறியிருப்பதால் கொடி என்கிறார்கள். அது மூங்கில். மலாய்க்காரர்கள் 'புலோ ஆகார்' என்பார்கள். தாவரவியலில் டைனோகுளோவா என்ற பேரினம். மூங்கில் என்றால் புல்லினம். அகன்ற இலைக் களைகளுக்கு விற்கும் மருந்தை அதன்மேல் அடித்தால் காசுக்குத்தான் கேடு. புல்லையும் கொல்லும் மருந்தை அடித்தாலோ, அது டுரியான் இலையிலும் படும்.

பயிர் பாதுகாப்பு வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன், பாராங் கத்தியைத் தூக்கும் முன் ஒரு தண்டை நன்றாகப் பாருங்கள். வேலிக்கு வெட்டும் மூங்கில் தன் காலில் நிற்கும். இதற்கு அந்தத் தெம்பு கிடையாது. கணுவுக்குக் கணு கோணிக்கொண்டு, பக்கத்து மரத்தைச் சுற்றி 20, 30 மீட்டர்கூட ஏறிவிடும். உள்ளே பொள்ளல் இல்லை, இருந்தாலும் சின்னத் துளைதான். தண்டைப் போர்த்தியிருந்த மட்டை உதிர்ந்த பிறகும் அதன் அடிப்பாகம் சுருக்கம் விழுந்த வளையமாகக் கணுவில் ஒட்டியிருக்கும். தடவினால் சொரசொரவென்று இருக்கும்.

அந்தக் கணுவில்தான் விஷயமே இருக்கிறது. சுற்றிலும் மெல்லிய கிளைகள், நடுவில் ஒரு பெரிய மொட்டு. சாதாரணமாக அது தூங்கிக்கொண்டிருக்கும். தண்டின் நுனி ஒடிந்தாலோ, நாம் பாதியில் வெட்டினாலோ விழித்துக்கொண்டு, தாய்த்தண்டின் பருமனுக்கே வளர்ந்து மறுபடி ஏறும். சபா மாநிலத்தில் மரம் எடுத்த காடுகளில் இது இளமரங்களை மூடிவிடுவது வன இலாகாக்காரர்களுக்குப் பழைய தலைவலி.

காயும் விசித்திரமானது. மூங்கிலரிசி நெல்லைப் போல உலர்ந்தது அல்லவா? இதன் காயோ சதைப்பற்றுள்ளது. தாய்ச்செடியில் இருக்கும்போதே முளைவிடுவதும் உண்டு.

சரி, என்ன செய்வது? எல்லாத் தண்டுகளையும் தரையோடு தரையாக வெட்டுங்கள். மேலே இருப்பதை இழுக்காதீர்கள். சுற்றிய பிடி விடாது, காய்ந்த கிளையோடு தலையில் இறங்கும். அங்கேயே காயட்டும். மண்ணுக்குள் இருக்கும் கட்டையான அடித்தண்டிலிருந்து குருத்து வரும். அப்புறம் வரவர வெட்ட வேண்டும், அல்லது அடித்தண்டைத் தோண்டி எடுக்க வேண்டும். இளங்குருத்து மட்டையில் சுனை, அதாவது குத்தும் நுண்மயிர், உண்டு. முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். சுனை கண்ணில் பட்டால் தேய்க்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு கிளினிக்குக்குப் போங்கள்.

இதெல்லாம் உங்கள் நிலத்துக்குள் மட்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் அரசின் நிரந்தர ஒதுக்கு வனமாக இருந்தால், 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மூங்கிலை வெட்டி எடுப்பதும் குற்றம்தான். வன இலாகாவில் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.