விலக்கா, அழைப்பா? கோல்ஃபில் 'எக்ஸெம்ப்ஷன்' படும் பாடு

"பதினாறு வயது அமெச்சூர் வீரருக்கு பிஜிஏ போட்டியில் விலக்கு." இப்படி ஒரு தலைப்பைப் படிப்பவர் என்ன நினைப்பார்? பையன் ஏதோ தப்புச் செய்துவிட்டான், வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். நடந்ததோ நேர் எதிர். பிஜிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சுற்றின் போட்டியில், அமெச்சூரான, அதாவது பணத்துக்காக ஆடாத அந்தப் பையனைத் தகுதிச் சுற்று இல்லாமலே உள்ளே விட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'எக்ஸெம்ப்ஷன்' என்று பெயர். அதைத்தான் 'விலக்கு' என்று பெயர்த்திருக்கிறார்கள்.

லத்தீனில் 'எக்ஸிமெரே' என்றால் வெளியே எடுப்பது. கடமை, வரி, தேர்வு என ஏதோ ஒரு சுமையிலிருந்து ஒருவரை எடுத்துவிடுவதால் எக்ஸெம்ப்ஷன். வேர்க்கதை இவ்வளவுதான்.

கோல்ஃபுக்கு இந்தச் சொல் வந்த வழிதான் முக்கியம். பிஜிஏ சுற்றில் 1982 வரை, முந்தைய ஆண்டில் அதிகப் பரிசுப்பணம் ஈட்டியோர் பட்டியலில் முதல் 60 பேர், பட்டம் வென்றோர் போன்ற சிலருக்கே நேரடி இடம். மற்றவர்கள் ஒவ்வொரு வாரமும் திங்கட்கிழமை 18 குழி ஆடி, எஞ்சிய இடங்களுக்கு முட்டிமோத வேண்டும். ஊர் ஊராக அலைந்த அந்தக் கூட்டத்துக்கு 'முயல்கள்' என்று பட்டப்பெயர். 1983இல் நேரடி இடம் முதல் 125 பேர் வரை விரிந்தது. ஆக, எக்ஸெம்ப்ஷன் என்றால் திங்கட்கிழமை ஆட்டத்திலிருந்து விடுதலை. அந்த வரலாறு தெரிந்த அமெரிக்க வாசகருக்கு 'எதிலிருந்து' என்று சொல்லாமலே விளங்கும். நமக்கு விளங்காது.

ஏனென்றால் தமிழில் 'விலக்கு' தனியாக நிற்காது. வரிவிலக்கில் வரி கட்ட வேண்டாம். மதுவிலக்கில் மதுவே கிடையாது. முன்னது சுமையை எடுக்கிறது, பின்னது பொருளையே தடுக்கிறது. தென்மாவட்டங்களில் பஸ் கண்டக்டர் "விலக்கு, விலக்கு" என்றால் கிளைச்சாலை பிரியும் நிறுத்தம். முன்னால் வரும் சொல்தான் ஒவ்வொரு முறையும் பொருளைத் தீர்மானிக்கிறது. 'தகுதிச் சுற்று விலக்கு' என்று முழுதாக எழுதினால் எனக்கு மறுப்பில்லை. 'போட்டியில் விலக்கு' என்பது பிழை. 'விதிவிலக்கு' அதைவிட மோசம். இங்கே எந்த விதியும் மீறப்படவில்லை, இந்த இடங்களை ஒதுக்குவதே விதிதான்.

'வைல்டு கார்டு' என்று விட்டுவிடலாமே என்பார்கள். டென்னிஸ் பார்ப்பவருக்கும் பிக் பாஸ் பார்ப்பவருக்கும் அது தெரிந்த சொல்தான். 2001இல் கோரன் இவானிசெவிச் விம்பிள்டனை வென்றது, தரவரிசையால் அல்லாமல் அமைப்பாளர்கள் தந்த அப்படியோர் இடத்தில் நுழைந்துதான். சீட்டாட்டத்தில் எந்தச் சீட்டுக்கும் பதிலாக நிற்கும் ஜோக்கர், அவ்வளவே பொருள். இதைக் 'காட்டு அட்டை' என்று பெயர்ப்பவர்கள் ஒருமுறையாவது ரம்மி ஆடிப் பார்க்க வேண்டும்.

என் சண்டை, எக்ஸெம்ப்ஷனுக்குச் சிலர் போடும் 'சலுகை இடம்' என்பதோடுதான். தூய தமிழ் என்ற பெருமையோடு உலவும் இந்தச் சொல், இளம் அமெச்சூர்களுக்கு இப்படி இடம் தரலாமா என்ற வழக்கையே விசாரிக்காமல் தீர்ப்பெழுதிவிடுகிறது. சலுகை என்றதுமே தகுதி இல்லாதவருக்கு இரக்கப்பட்டுக் கொடுத்தது என்றாகிவிடும். இரண்டு வேறு இடங்களை அது ஒன்றாகக் குழப்பவும் செய்கிறது.

ஒன்று, ஆடி வென்ற இடம். அமெச்சூர்களுக்கான யு.எஸ். அமெச்சூர் பட்டம் வென்றவருக்கு, தொழில்முறை வீரர்கள் மோதும் பெரும் போட்டியான யு.எஸ். ஓப்பனில் இடம் உண்டு. அதேபோன்ற பெரும் போட்டியான மாஸ்டர்ஸுக்கும் அழைப்பு வரும், ஆனால் அதை ஏற்க அவர் அமெச்சூராகவே நீடிக்க வேண்டும். சீனாவின் குவான் தியான்லாங் 2012இல் ஆசிய-பசிபிக் அமெச்சூர் பட்டத்தை வென்று, 2013 மாஸ்டர்ஸில் 14 வயதில் ஆடினார். மெதுவாக ஆடியதற்கு ஓர் அடி தண்டம் விழுந்தும் நான்கு சுற்றும் ஆடி முடித்தார். இதில் சலுகை எங்கே? இதற்கு 'நேரடித் தகுதி' என்பதே சரி.

மற்றொன்று, அமைப்பாளரும் விளம்பரதாரரும் தம் விருப்பப்படி தரும் 'ஸ்பான்சர் எக்ஸெம்ப்ஷன்'. வழக்கமான பிஜிஏ போட்டியில் இவை கைவிரல் எண்ணிக்கையில் அடங்கும். அதிலும் ஒரு பகுதி பிஜிஏ சுற்றின் உறுப்பினர்களுக்கென்றே ஒதுக்கப்படும். இதற்கு 'அழைப்பு இடம்' என்பேன். ஐரோப்பாவில் 'இன்விட்டேஷன்' என்று சொல்வதும் உண்டு. மாஸ்டர்ஸில் எல்லோருக்குமே அழைப்புதானே என்று மடக்கலாம். அங்கே அது மரியாதைச் சொல். பெரும்பாலோருக்கான தகுதிப் பட்டியல் முன்பே அச்சாகிவிடுகிறது. (ஸ்பான்சரைப் 'புரவலர்' என்பதையும் விட்டுவிடலாம். பாரிக்கும் ஓரிக்கும் உரிய சொல்லை விளம்பரப் பலகைக்குத் தர வேண்டாம்.)

அழைப்பு இடத்தின்மேல் நியாயமான குறை ஒன்று உண்டு. ஒருவர் உள்ளே வந்தால், முன்னுரிமை வரிசையின் கடைசியில் காத்திருக்கும் தொழில்முறை வீரர் ஒருவர் வெளியே நிற்பார். அவருக்கு அது வயிற்றுப்பாடு. ஆனால் அமெச்சூர் இந்தப் போட்டிகளின் பரிசுப்பணத்தைத் தொட முடியாது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 ஜனவரியில் அலபாமா பல்கலைக்கழக மாணவர் நிக் டன்லப், 20 வயதில், அழைப்பு இடத்தில் வந்து அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் போட்டியை வென்றார். 1991இல் ஃபில் மிக்கல்சனுக்குப் பின் பிஜிஏ சுற்றில் வென்ற முதல் அமெச்சூர். முதல் பரிசான 15,12,000 டாலர் இரண்டாம் இடத்து கிறிஸ்டியான் பெசுடன்ஹவுட்டுக்குப் போனது. அப்படி ஒருவரை உள்ளே விடுவது தவறில்லை என்பதே என் கட்சி. அந்த இடத்தைப் பெயருக்காகத் தருகிறார்களா, ஆட்டத்துக்காகத் தருகிறார்களா என்று போட்டிக்குப் போட்டி கேட்கலாம். கேட்பதற்கு முதலில் சார்பில்லாத சொல் வேண்டும்.

டன்லப்பைக் 'கத்துக்குட்டி' என்று எழுதினால் எப்படி இருக்கும்? அமெச்சூருக்கு அதைத்தான் பலர் போடுகிறார்கள். லத்தீன் 'அமாதோர்', நேசிப்பவர். பிரெஞ்சு வழியாக வந்த சொல். திறமையின் அளவு அதில் இல்லை, பணம் வாங்காமை மட்டுமே உண்டு. நம் நாடக உலகம் இதைச் சரியாகவே புரிந்துவைத்திருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்தார்கள். அவர்களை அமெச்சூர் என்றபோது யாரும் கத்துக்குட்டி என்று பொருள் கொள்ளவில்லை. 'தொழில்முறை சாராதவர்' நீளம்தான், ஆனால் பொய் சொல்லாது. இல்லையென்றால் அமெச்சூர் என்றே இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பவர்கள் ஆட்டத்தைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்ப்பதன் விளைவு இது. 2004இல் மிஷெல் வீ, 14 வயதில், அழைப்பு இடத்தில் பிஜிஏ சுற்றின் சோனி ஓப்பனில் ஆடி, முதல் இரண்டு சுற்றுகளை 72, 68 அடிகளில் முடித்தார். இரண்டு சுற்றுக்குப் பின் கீழ்வரிசையைக் கழித்துவிடும் எல்லைக்கோட்டை ஒரே ஓர் அடியில் தவறவிட்டார். அந்தக் கோட்டுக்கு ஆங்கிலத்தில் 'கட்' என்று பெயர். இதை 'வெட்டைத் தவறவிட்டார்' என்று தமிழ்ப்படுத்தினால் வெட்டுக்குத் தப்பிப் பிழைத்தார் என்றல்லவா படிக்கும்? 'இரண்டாம் சுற்றோடு வெளியேறினார்' என்று எழுத எந்த அகராதியும் தேவையில்லை.