தாயம் விழ எத்தனை முறை உருட்ட வேண்டும்? கணினியில் ஒரு சோதனை

குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் சிவராத்திரி இரவில் கண்விழிப்பதற்காகத் திண்ணையில் சாக்குக்கட்டியால் கட்டம் கீறித் தாயம் ஆடுவார்கள். தாயம் விழுந்தால்தான் காயை இறக்க முடியும் என்பதால், மற்றவர்கள் காய்கள் பாதிக் கட்டத்தைக் கடந்துவிட்ட பிறகும் என் ஆயா வெறுங்கட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த இரவுகள் உண்டு. பன்னிரண்டு முறை உருட்டியும் தாயம் விழாதபோது, "இந்தக் கட்டை எனக்கு மட்டும் ஒத்து வரல" என்று சொல்லி, பித்தளைக் கட்டைகளை உள்ளங்கைகளுக்கிடையே இன்னும் அழுத்தித் தேய்ப்பார். பன்னிரண்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் போவது அவ்வளவு அபூர்வமா? வேலூரில் மாணவர்களுக்குப் புள்ளியியல் நிரலாக்கத்தைத் தொடங்கிவைக்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

தாயக்கட்டையின் நான்கு நீளமான முகங்களில் ஒன்றில் ஒரு புள்ளியும், அடுத்தடுத்தவற்றில் இரண்டும் மூன்றும் இருக்கும். நான்காவது முகம் வெறுமையாக இருக்கும். இரண்டு கட்டைகளின் புள்ளிகளையும் கூட்டி வருவது ஒன்றானால் அது தாயம். இரண்டு கட்டைகளும் வெறுமையாக விழுந்தால் அது பன்னிரண்டு. இதைக் கணினியில் ஆடிப் பார்க்க 'ஆர்' என்ற மொழி போதும். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய இந்த மொழி, காசு கொடுக்காமல் யாரும் இறக்கிக்கொள்ளக்கூடியது. நூறு வரி எழுதினால்தான் பலன் தெரியும் என்ற தொல்லையும் இதில் இல்லை.

ஒரு கட்டையை உருட்டுவதற்கு 'சாம்பிள்' என்ற கட்டளை இருக்கிறது. எந்த எண்களிலிருந்து எடுக்க வேண்டும், எத்தனை முறை எடுக்க வேண்டும், எடுத்த எண்ணைத் திரும்பவும் போட்டுவிட்டு எடுக்க வேண்டுமா என்ற மூன்றையும் அதற்குச் சொல்ல வேண்டும். பூஜ்யம் முதல் மூன்று வரை, பத்தாயிரம் முறை என்று மட்டும் சொல்லி மூன்றாவதை விட்டுவிட்டால் கணினி பிழை காட்டி நின்றுவிடும். நான்கே சீட்டுகள் உள்ள பானையிலிருந்து, எடுத்ததைத் திரும்பப் போடாமல் பத்தாயிரம் சீட்டுகளை எடுக்கச் சொன்னால் அது வேறென்ன செய்யும்? பழகுபவர்கள் அநேகமாக எல்லோரும் முதல் நாளில் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். 'ரிப்ளேஸ்' என்ற தேர்வை ஆம் என்று மாற்றினால் ஒரு நொடிக்குள் பத்தாயிரம் எண்கள் வந்து நிற்கும்.

இதைவிட நுட்பமான தவறு அடுத்த படியில் வருகிறது. இரண்டு கட்டைகளின் கூட்டுத்தொகை பூஜ்யத்திலிருந்து ஆறு வரை இருக்குமென்பதால், அந்த ஏழு எண்களிலிருந்து நேரடியாக எடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தவறாக இருக்கும். அதனால்தான் இந்தத் தவறு ஆபத்தானது. இரண்டு கட்டைகளும் விழக்கூடிய வழிகள் மொத்தம் 16. அவற்றில் மூன்று வருவதற்கு நான்கு வழிகளும், தாயத்துக்கு இரண்டு வழிகளும், பன்னிரண்டுக்கு ஒரே ஒரு வழியும் இருக்கின்றன. ஏழு எண்களுக்கும் சம இடம் கொடுத்தால், பன்னிரண்டு தன் உண்மையான அளவைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகமாக விழத் தொடங்கிவிடும். ஆகவே கட்டைகளை உண்மையில் எப்படி உருட்டுகிறோமோ அப்படியே, தனித்தனியாக இரண்டு முறை எடுத்து, பிறகு கூட்ட வேண்டும். நிகழ்ச்சி எப்படி நடக்கிறதோ அதே வரிசையில் நிரலும் நடக்க வேண்டுமென்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன்.

கூட்டுத்தொகைகளை எண்ணிப் பட்டை வரைபடமாக வரைந்தால், நடுவில் மூன்று உயர்ந்து நிற்க, இருபுறமும் படிப்படியாக இறங்கும் ஒரு கூரை திரையில் தெரியும். பத்தாயிரம் உருட்டல்களில் தாயம் சுமார் 1250 முறை விழும். சரியாக 1250 என்று விழுவது அரிது, ஆனால் நூறு பேர் இதைச் செய்து பார்த்தால் ஏறத்தாழ 95 பேருக்கு 1184க்கும் 1316க்கும் இடையில்தான் வரும். நூறே முறை உருட்டினால் அந்தக் கூரை கோணலாகவும் ஓட்டை விழுந்தும் தெரியும். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான், குறைவான தரவுகளை வைத்துக்கொண்டு அவசரப்பட்டு முடிவு சொல்லக் கூடாது என்பது கண்ணுக்கே புரிகிறது.

கணினி எடுத்துத் தரும் எண்கள் மெய்யாகவே தற்செயலானவை அல்ல. ஒரு கணக்கு விதியைப் பின்பற்றி ஒன்றன்பின் ஒன்றாக வருபவை. ஆர் மொழி வழக்கமாகப் பயன்படுத்தும் 'மெர்சென் ட்விஸ்டர்' என்ற முறையை ஜப்பானியர்களான மகோட்டோ மட்சுமோட்டோவும் தகுஜி நிஷிமுராவும் 1998இல் வெளியிட்டார்கள். அதன் எண்வரிசை முதலிலிருந்து மீண்டும் தொடங்குவதற்கு ஆகும் நீளத்தை எழுதினால் அந்த எண்ணுக்கே 6002 இலக்கங்கள் வேண்டும். 'செட் சீட்' என்ற கட்டளையில் ஓர் எண்ணை விதையாகக் கொடுத்துவிட்டால், காட்பாடியிலுள்ள ஒருவரும் ஆம்பூரிலுள்ள ஒருவரும் அதே விதையையும் அதே நிரலையும் கொண்டு, மென்பொருளின் ஒரே பதிப்பில், அச்சுப் பிசகாமல் ஒரே உருட்டல்களைப் பெறலாம். ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்க்க முடியும் என்பதால் இது பெரிய வசதி.

இனி ஆயாவின் கேள்விக்கு வருவோம். ஒவ்வோர் உருட்டலிலும் தாயம் விழும் நிகழ்தகவு எட்டில் ஒன்று. முதல் தாயம் எத்தனையாவது உருட்டலில் விழுகிறது என்பதைப் பத்தாயிரம் முறை எழுத 'ஆர்ஜியோம்' என்ற கட்டளை இருக்கிறது. ஆனால் அது தாயத்துக்கு முன் வீணான உருட்டல்களை மட்டுமே எண்ணுவதால், ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். சராசரி எட்டு என்று வரும். அதனால் எட்டின்மேல்தான் மிக உயரமான பட்டை நிற்கும் என்று பெரும்பாலோர் எதிர்பார்க்கிறார்கள். வரைந்தால் மிக உயரமான பட்டை ஒன்றின்மேல் நிற்கிறது! முதல் உருட்டலிலேயே தாயம் விழுவது சுமார் 1250 முறை, இரண்டாவதில் 1094, மூன்றாவதில் 957 என்று பட்டைகள் குறைந்துகொண்டே போய், வலப்பக்கத்தில் ஒரு நீண்ட வால் தெரிகிறது. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆறு உருட்டலுக்குள் இறங்கிவிடுகிறார்கள். மீதியுள்ளவர்களில் சிலர் முப்பது உருட்டலைத் தாண்டியும் காத்திருப்பதால்தான் சராசரி எட்டுக்கு இழுக்கப்படுகிறது. பன்னிரண்டு உருட்டலுக்கும் தாயம் விழாதவர்கள் ஏறத்தாழ 2014, அதாவது ஐந்தில் ஒருவர். ஐந்து பேர் ஆடும் திண்ணையில் அப்படி ஒருவர் இருப்பது இயல்புதான்.

ஆட்டத்தை ஆடிப் பார்த்தே கணக்கிடும் இந்த வழியும் ஓர் ஆட்டத்திலிருந்துதான் பிறந்தது. 1946இல் உடல்நலம் தேறிவந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம், தனியாகச் சீட்டாடும்போது வெற்றி கிடைக்கும் வாய்ப்பைச் சூத்திரத்தால் கண்டுபிடிக்க முயன்று, பலமுறை ஆடி எண்ணிப் பார்ப்பதே எளிதென்று எண்ணினார். மொனாக்கோவின் சூதாட்ட நகரத்தின் பெயரால் அது மாண்டி கார்லோ முறை என்று அழைக்கப்பட்டு, அணுவுலை வடிவமைப்பு வரை இன்று பயன்படுகிறது.

ஆனால் கணினி உருட்டியது நாம் சொல்லிக்கொடுத்த சமநிலையான கட்டையை. வீட்டுக் கட்டை எப்படிப்பட்டது என்பதை உருட்டித்தான் பார்க்க வேண்டும். 160 முறை உருட்டினால் சராசரியாக 20 தாயம் விழ வேண்டும், 12க்கும் 28க்கும் இடையில் எது வந்தாலும் சந்தேகப்படக் காரணமில்லை. முனை மழுங்கிப் பளபளத்துப்போன ஆயாவின் கட்டைகளை நான் ஒரு மத்தியான வேளையில் கோடு போட்டு எண்ணியபடி 160 முறை உருட்டினேன். தாயம் 17 முறை விழுந்தது.