இரண்டாவது பெட்டியிலும் ஒரு நியூட்ரல் உண்டு

கல்குவாரியில் ஓடும் பழைய லாரி ஒன்று கிரீஸ் அடிக்க எங்கள் பட்டறைக்கு வந்தது. பாரத்தோடு மேடு ஏறத் திணறுகிறது என்று, வேறொரு பட்டறையில் அதன் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இரண்டு வேகத் துணை கியர்பாக்ஸ் ஒன்றை மாட்டியிருந்தார்கள். ஓட்டுநர் இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். எங்கள் பையன் கிரீஸ் கன்னோடு வண்டிக்கு அடியில் நுழையக் குனிந்தான். லாரி சத்தமே இல்லாமல் வாசல் பக்கம் நகர ஆரம்பித்தது. காலருகே கிடந்த ஜாக்கிக் கட்டையைப் பின்சக்கரத்துக்கு முன்னால் உதைத்துத் தள்ளினேன். நின்றது. பையன் அன்று மதியம் சாப்பிடவில்லை.

"கியரில் போட்டுத்தானே அண்ணே நிறுத்தினேன்" என்றார் ஓட்டுநர். அவர் சொன்னது உண்மை. மெயின் பெட்டி முதல் கியரில்தான் இருந்தது. துணைப் பெட்டியின் லீவர், வழக்கமான ஓட்டத்துக்கான ஹைக்கும் கூடுதல் இழுவைக்கான லோவுக்கும் நடுவே, நியூட்ரலில் நின்றிருந்தது. அங்கே இணைப்பு அறுந்துவிட்டால், முன்னால் எந்த கியர் இருந்தாலும் சக்கரத்துக்கு அது தெரியாது. சில பழைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக் டிரம் கியர்பாக்ஸின் பின்முனையிலேயே இருக்கும். அதற்கும் பின்னால் துணைப் பெட்டியை வைத்தால், அது நியூட்ரலில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கும் பயன்படாது. இதை வண்டிக்காரரிடம் எடுத்துச் சொல்லும் பட்டறைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்தது இழுவைக் கணக்கு. மெயின் பெட்டியின் முதல் கியர் இன்ஜினின் முறுக்கு விசையை 7 மடங்காக்குகிறது, துணைப் பெட்டியின் லோ 2 மடங்காக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் போவது 14 மடங்கு. வண்டியை வடிவமைத்தவர் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் தண்டு), கிராஸ் (அதன் முனைகளில் உள்ள மூட்டு), கிரவுன் பினியன் (ஆக்ஸிலைச் சுழற்றும் பல்சக்கரங்கள்), ஆக்ஸில் எல்லாவற்றையும் 7 மடங்குக்குத்தான் கணக்குப் போட்டிருப்பார். மேடு ஏறியதில் மகிழ்ந்தவர் சில மாதம் கழித்து ஆக்ஸில் முறிந்து வருவது இதனால்தான். மேடு ஏறவில்லை என்று வருகிறவரிடம் நான் முதலில் கிளட்ச்சையும் டீசல் பம்ப்பையும்தான் பார்க்கச் சொல்வேன். பாதிப் பேருக்குத் துணைப் பெட்டியே தேவைப்படாது.

அந்த லாரியில் இன்னொரு கோளாறும் இருந்தது. 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் வண்டியின் தரை அதிர்ந்தது. துணைப் பெட்டிக்கு இடம் விட, நீள ஷாஃப்ட்டை வெட்டிக் குறுக்கி வெல்டிங் வைத்திருந்தார்கள். சாய்ந்து சுழலும் கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகமெடுத்து இருமுறை தளரும். மறுமுனைக் கிராஸ் அதைச் சரிக்கட்ட வேண்டுமானால், கிராஸைப் பிடிக்கும் இரு முனைக் கவைகளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும், இரு முனைகளின் சாய்வும் சமமாக இருக்க வேண்டும். இங்கே ஒரு கவை, ஸ்ப்லைனில் (தண்டைச் சுற்றியுள்ள பல்வரிசையில்) ஒரு பல் தள்ளி ஏறியிருந்தது. கழற்றுவதற்கு முன் சாக்பீஸால் இருபுறமும் ஒரு கோடு போட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது. வெல்டிங் வைத்த ஷாஃப்ட்டை பேலன்ஸ் செய்யாமல் மாட்டியது தனிக் கதை.

ஸ்பீடோமீட்டர் கேபிள் மெயின் பெட்டியிலேயே இருந்ததால், துணைப் பெட்டி வேகத்தைப் பாதியாக்குவது அதற்குத் தெரியாது; லோவில் 10-இல் போகும்போது முள் 20 காட்டியது. அதை ஓட்டுநர் பொருட்படுத்தவில்லை.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. மாட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். விபத்து நடந்த பிறகு கேட்டால், பதில் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

ஷாஃப்ட்டைச் சரிசெய்த பிறகு, துணை லீவருக்கு அடியில் ஒரு தகடு வைத்து, ஸ்பிரிங் பின் ஒன்று போட்டேன். பின்னைத் தூக்கிப் பிடித்தால் ஒழிய லீவர் நடுவில் நிற்காது. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஆப்பு வடிவில் செதுக்கிய வேப்பங்கட்டைகள் இரண்டையும் வைத்து அனுப்பினேன். இப்போது அந்த லாரி வரும்போதெல்லாம், அவர் இறங்குவதற்கு முன் கட்டைகள் கீழே விழும் சத்தம் கேட்கிறது.