பாடாந்தரம்

கச்சேரி முடிந்து வெளியே வரும் ரசிகர்கள், "இது யாருடைய பாடாந்தரம்?" என்று கேட்டுக்கொள்வார்கள். பாடியவர் அந்தக் கீர்த்தனையை எந்த வழியில் கற்றார், அவருக்குக் கற்பித்தவருக்கு அது யாரிடமிருந்து வந்தது என்பதே கேள்வி.

பாடம், அந்தரம் என்ற இரு வடசொற்கள் சேர்ந்தது இது. அந்தரம் என்பதற்கு இங்கே 'வேறு' என்று பொருள். தேசாந்தரம் வேறு தேசம் ஆவதுபோலப் பாடாந்தரம் வேறு பாடம். ஒரே செய்யுளில் ஓர் ஏட்டில் ஒரு சொல்லும் மற்றோர் ஏட்டில் இன்னொரு சொல்லும் இருந்தால் அது பாடாந்தரம். உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளின் அடிக்குறிப்பில் இதைப் பிரதிபேதம் என்றார்.

ஏட்டில் ஐயத்தைக் குறித்த இந்தச் சொல், இசையில் நம்பிக்கையைக் குறிக்கிறது. 'நல்ல பாடாந்தரம்' என்பது வித்வானுக்குக் கிடைக்கும் உயர்ந்த பாராட்டு. தியாகராஜர் 1847இல் மறைந்த பின் அவர் கீர்த்தனைகள் உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்ற மூன்று சீடர் வழிகளில் நமக்கு வந்தன. ஒரே கீர்த்தனைக்குச் சங்கதிகள், அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் முறைகள், வழிக்கு வழி வேறுபடும். ஒன்றைச் சரியென்று வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளினால் இழப்பு நமக்குத்தான்.

எழுதிவைத்தால் போதாதா? எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் சுரங்களின் அசைவுகளான கமகங்களுக்கும் குறிகள் இட்டார். மகத்தான உழைப்பு அது. ஆனாலும் தோடி ராகத்தின் காந்தாரம் என்ற சுரம் தாளில் 'க' என்ற எழுத்தும் ஒரு குறியும்தான். அது எங்கே தொடங்கி எவ்வளவு அசைய வேண்டும் என்பதை ஆசிரியர் பாடிக்காட்ட வேண்டும். மாணவர் திருப்பிப் பாட வேண்டும். பிசகினால் அதே இடத்தை ஆசிரியர் நிதானமாக மறுபடி பாட வேண்டும். ஒலிப்பதிவு பிசகைச் சொல்லாது. பல பதிவுகளிலிருந்து சங்கதிகளைப் பொறுக்கிச் சேர்த்துப் பாடும் வழக்கம் இன்று பெருகிவிட்டது. கேட்க இனிமையாக இருக்கலாம். ஆனால் யாருடைய பாடாந்தரம் என்றால் பதில் இருக்காது. அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கற்பிக்காமல் பொத்திவைத்தாலும் வழி அறுந்துபோகும். வீணை தனம்மாளின் பேத்தி பிருந்தா, குடும்பச் சொத்தாக வந்த பதங்கள் என்ற காதல் இசைப்பாடல்களை வெளியாருக்கும் கற்பித்தார். பாடகி அருணா சாயிராம் அவரிடம் கற்றவர்.

தமிழில் என்ன சொல்லலாம்? ஏட்டுக்குப் 'பாட வேறுபாடு' என்ற சொல் பதிப்புலகில் நிலைத்துவிட்டது. இசைக்கு அது பொருந்தாது. வேறுபாடு என்றதும் குறை என்ற எண்ணம் வரும். 'பாட வழி' என்பதே என் தேர்வு. 'பாட மரபு' என்றும் சொல்லலாம். ஆனால் 'உமையாள்புரம் பாட வழி' என்னும்போது ஒருவர் பின் ஒருவராகக் கற்றுவந்தது அந்தச் சொல்லிலேயே தெரிகிறது.