ஹொங்கி: உரசல் அல்ல, முகர்தல்

வெளிநாட்டுத் தலைவர் யாராவது நியூசிலாந்துக்குப் போனால் போதும், 'மூக்கோடு மூக்கு உரசி வரவேற்பு' என்று படத்துக்குக் கீழே போட்டுவிடுகிறார்கள்.

அந்த வரவேற்பின் பெயர் ஹொங்கி. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் சொல். முகர்தல் என்று பொருள். ஹவாய் மொழியில் இதன் உறவுச்சொல் ஹொனி, முத்தத்தையும் குறிக்கும். ஹொங்கியின் உச்சரிப்பில் ககரம் கிடையாது. சும்மா கிடக்கும் நம் 'ஙி'க்கு வேலை கொடுத்து 'ஹொஙி' என்றும் எழுதலாம், யாரும் எழுதப் போவதில்லை.

சரி, உரசலுக்கு வருவோம். உரசினால் மூக்கு அசைய வேண்டும். ஹொங்கியில் கையைப் பற்றி, தலையைச் சற்றுத் தாழ்த்தி, மூக்கும் நெற்றியும் படிய ஒரு மூச்சு நேரம் நிற்பார்கள். அவ்வளவுதான். 1835-இல் அங்கே போன டார்வினே, இதை உரசல் என்பதைவிட அழுத்தல் என்பதே சரி என்று எழுதிவிட்டார். நம்மவர்கள் இன்னும் உரசிக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் தமிழில் உரசல் என்றால் என்ன? கூட்டணிக் கட்சிகளுக்குள் வருவது உரசல்; பேருந்து நெரிசலில் பெண்கள் முகம் சுளிப்பது உரசலுக்கு. வரவேற்புக்கு இந்தச் சொல்தான் கிடைத்ததா?

'மூக்கு முத்தம்' இன்னும் மோசம், உதட்டுக்கு இங்கே வேலையே இல்லை. 'நாசி வணக்கம்' சளி மருந்துப் பெயர் மாதிரி இருக்கிறது.

ஹொங்கியின் உயிர் மூச்சில்தான் இருக்கிறது. மண்ணில் வனைந்த முதல் பெண்ணின் மூக்கில் தானே என்ற தெய்வம் மூச்சை ஊதியது என்பது மாவோரித் தொன்மம். மூச்சு கலந்தபின் வந்தவர் அந்நியர் அல்லர். 2020-இல் கொரோனா பரவியபோது பல மாவோரிக் குழுக்கள் ஹொங்கியை நிறுத்திவைத்ததும் மூச்சு கலப்பதால்தான்.

'மூச்சுப் பகிர்வு' பொருளுக்குப் பொருந்தும், ஆனால் ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது. 'மோத்தல்' முகர்தலைக் குறிக்கும் அழகான பழஞ்சொல்; ஒற்று விழுந்தால் மோதலாகிவிடும், பிழைதிருத்துபவர்களை நம்ப முடியாது. எனவே 'மூச்சு முகர்தல்'. 'மூக்கும் நெற்றியும் சேர்த்து மூச்சு முகர்ந்து வரவேற்றார்கள்' என்று எழுதினால் எவருக்கும் புரியும்.

அப்புறம், மூக்கோடு மூக்கு உரசுவதற்குச் சொல்லும் அந்த 'எஸ்கிமோ முத்தம்'. எஸ்கிமோ என்ற பெயரைக் கனடாவின் இனுயிட் மக்கள் விரும்புவதில்லை. அது முத்தமும் அல்ல. மூக்கையும் மேலுதட்டையும் குழந்தையின் கன்னத்தில் பதித்து மூச்சை உள்ளிழுப்பதுதான் அவர்களுடைய குனிக். பேரப்பிள்ளையின் உச்சி முகரும் பாட்டிகள் உள்ள ஊரில் இதற்குச் சொல் கிடைக்கவில்லையாம்.