ஃபோர் வீல் போட்டதே இல்லையா? அப்போ கொஞ்சம் கவனம்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி, அதாவது நான்கு சக்கரத்துக்கும் இஞ்சின் சக்தி போகக்கூடிய வண்டி, வாங்கப் பார்க்கப் போனால், விற்பவர் பெருமையாகச் சொல்லும் ஒரு வசனம் உண்டு: "சார், இதுவரைக்கும் ஃபோர் வீல் போட்டதே இல்லை. ரோட்டுல மட்டும்தான் ஓடுச்சு." வண்டியைக் காடு மேடெல்லாம் அடித்து நொறுக்கவில்லை என்கிறார். சரிதான். ஆனால் எந்தப் பாகத்துக்காக நீங்கள் கூடுதல் காசு கொடுக்கப்போகிறீர்களோ, அது பல வருடம் சும்மாவே கிடந்தது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. இதற்கு நேர் எதிரானவர்களும் உண்டு. மழை வந்தாலே ஃபோர் வீல் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் பறப்பார்கள். அவர்கள் வண்டி இன்னும் மோசம். இரண்டும் ஏன் கெடுதல் என்று தெரிய, வண்டிக்கு அடியில் ஒருமுறை எட்டிப்பார்க்க வேண்டும்.

மாருதி ஜிப்சி, மஹிந்திரா தார், டாடா சஃபாரியின் பழைய ஃபோர் பை ஃபோர் மாடல்கள் எல்லாம் 'பார்ட் டைம்' வகை, வேண்டும்போது மட்டும் ஃபோர் வீல் போட்டுக்கொள்வது. கியர் பாக்ஸுக்குப் பின்னால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒரு பெட்டி இருக்கும். 2ஹெச்-சில், அதாவது வழக்கமான டூ வீல் நிலையில், இஞ்சின் சக்தி முழுவதும் பின் சக்கரங்களுக்குப் போகும். 4ஹெச், அதாவது ஃபோர் வீல் போட்டால், முன்பக்கம் சக்தியைக் கொண்டுபோகும் சுழல்தண்டான ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டும் பின்பக்கம் போகும் ஷாஃப்ட்டும் பல்லோடு பல் கோத்துப் பூட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு நடுவில் கிடையாது. இனி இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். இந்த வகை வண்டியின் பலமும் வம்பும் இந்தப் பூட்டில்தான் இருக்கிறது.

ஏன் வம்பு? 2020-இல் வந்த தாரை எடுத்துக்கொள்வோம். முன் ஆக்சிலுக்கும் (சக்கர அச்சு) பின் ஆக்சிலுக்கும் இடையே 2.45 மீட்டர். ஒரு முக்கில் ஸ்டியரிங்கை நன்றாக ஒடித்துத் திருப்புகிறீர்கள். பின் ஆக்சிலின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆர வட்டத்தில் போகிறது என்று வையுங்கள். முன் ஆக்சில் அதைவிடப் பெரிய வட்டத்தில் போகும். பள்ளிக்கூடத்தில் படித்த பித்தாகரஸ் கணக்கைப் போட்டால் அதன் ஆரம் சுமார் 5.57 மீட்டர். கால் வட்டம் திரும்பி முடிக்கும்போது பின் ஆக்சில் 7.85 மீட்டர் போயிருக்கும், முன் ஆக்சில் 8.75 மீட்டர். ஒரே ஒரு திருப்பத்தில் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் வித்தியாசம். அந்த வண்டியின் 18 இன்ச் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உருளும். ஆக, முன் சக்கரங்கள் மூன்றில் ஒரு பங்கு சுற்றுக்கு மேலேயே கூடுதலாகச் சுற்ற வேண்டும். ஷாஃப்ட்டுகளோ பூட்டிக்கிடக்கின்றன.

சேற்றிலும் மணலிலும் இது பிரச்சினையே இல்லை. டயர் கொஞ்சம் வழுக்கி வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் டயர் வழுக்காது. அந்த 90 சென்டிமீட்டரும் ஷாஃப்ட், அதன் மூட்டான ஜாயின்ட் கிராஸ், டிஃபரன்ஷியலின் பல்சக்கரமான கிரவுன் பினியன், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் செயின் என எல்லாவற்றிலும் முறுக்காக ஏறும், ஈரத்துணியைப் பிழிவது மாதிரி. ஸ்டியரிங் கனக்கும், வண்டி தத்தித் தத்திப் போகும். 2ஹெச்-சுக்கு மாற்றப் பார்த்தால் லிவர் அசையாது, ஏனென்றால் பல்லோடு பல் அழுந்திக்கிடக்கிறது. சில அடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு தளர்ந்து லிவர் வந்துவிடும். ஆனால் இப்படியே வருடக்கணக்கில் ஓட்டிய வண்டியில் செயின் இளகியிருக்கும், கிராஸ் ஆட்டம் கொடுத்திருக்கும். ஓடோமீட்டரைப் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது.

இனி, போட்டதே இல்லாத வண்டிக்கு வருவோம். முன், பின் ஆக்சில்களில் உள்ள டிஃபரன்ஷியலிலும் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலும் பொதுவாக ஆயில் அடியில்தான் தேங்கி நிற்கும். பல்சக்கரங்கள் சுற்றும்போது அதை வாரித் தெளிப்பதால்தான் மேலே உள்ள பேரிங்குகள் நனைகின்றன. 2ஹெச்-சில் முன் ஷாஃப்ட்டே சுற்றாதபடி அமைந்த வண்டிகளில், மேல் பாகங்கள் காய்ந்துபோய் ஈரக்காற்றில் துருப்பிடிக்கும். ஆயில் சீலின் ரப்பர் உதடு ஒரே இடத்தில் அழுந்தி விறைத்துவிடும். சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில், சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் பூட்டு இருக்கும் வண்டிகளில் அது இறுகிப்போகும். சுவிட்ச் திருகி ஃபோர் வீல் போடும் வகையில், அதை மாற்றிவிடும் சின்ன மோட்டாரே ஒருநாள் வேலைநிறுத்தம் செய்துவிடும். மாதம் ஒருமுறை மண் ரோட்டில் சில கிலோமீட்டர் 4ஹெச்-சில் ஓட்டினால் போதும், இத்தனையும் தவிர்க்கலாம்.

சரி, வாங்கும்போது எப்படிப் பார்ப்பது? காலி மைதானம் ஒன்றைத் தேடுங்கள். 4ஹெச் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, கெட்டியான தரையில் பத்துப் பதினைந்து அடி மட்டும் மெதுவாக நகர்த்துங்கள். பார்ட் டைம் வண்டி இழுத்துப் பிடிக்க வேண்டும், முரண்டு பண்ண வேண்டும். அதுதான் நல்ல அறிகுறி. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு திரும்பினால், டேஷ்போர்டில் ஃபோர் வீல் லைட் எரிந்தாலும் சந்தேகப்படுங்கள். முன் சக்கரத்துக்குச் சக்தியே போகாமல் இருக்கலாம். பல வண்டிகளில் அந்த லைட் லிவரின் நிலையை மட்டும்தான் சொல்லும், ஹப் பூட்டியதா என்று அதற்குத் தெரியாது. இந்தப் பரிசோதனை பார்ட் டைம் வகைக்கு மட்டும். முதல் தலைமுறை டொயோட்டா ஃபார்ச்சூனர் ஃபோர் பை ஃபோரில் நடுவே டிஃபரன்ஷியல் உண்டு. அது சுலபமாகத்தான் திரும்பும்.

அப்புறம் 4எல், அதாவது ஃபோர் வீலின் குறைந்த வேக நிலை. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்துப் போட்டுப் பாருங்கள். வேகம் குறைந்து, இழுவை தாரில் சுமார் இரண்டரை மடங்காகும். ஏற்றத்துக்குத்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் இதன் அருமை இறக்கத்தில்தான் தெரியும். தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குக் கேரளத்தின் சூரியநெல்லி வழியாக ஜீப்புகள் போகும் பாதை வெறும் கல்லும் பள்ளமும். அங்கே இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் இழக்கும். 4எல்-லில் முதல் கியர் போட்டுவிட்டால் இஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்கும். போட்டதும் கரகரவென்று சத்தமோ, பாதியில் தானாகக் கழன்றுகொள்வதோ இருந்தால் ட்ரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்க வேண்டிய செலவு காத்திருக்கிறது.

ஆயில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். முன், பின் டிஃபரன்ஷியல் இரண்டிலும் ஃபில்லர் போல்ட்டைக் கழற்றி விரல் விட்டுப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சீல் நன்றாக இருந்தும் தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்கலாம். ஓடிச் சூடான ஆக்சிலுக்குள் காற்று 80 டிகிரியில் இருக்கிறது. வண்டி ஓடையில் இறங்கியதும் 30 டிகிரிக்குக் குளிர்கிறது. உள்ளே காற்றழுத்தம் சுமார் 14 சதவீதம் குறையும். இதை ஈடுகட்டத்தான் ஆக்சிலுக்கு மேலே ப்ரீதர் என்று ஒரு சிறு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். அது மண்ணடைத்துப் போயிருந்தால், ஆக்சில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதையும் கவனியுங்கள். சாம்பல் நிறப் பசை மாதிரி ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் சில்லு இருந்தால் பல் உடைகிறது.

2015 டிசம்பர் சென்னை வெள்ளம் மாதிரியான நாட்களில் நீரில் நின்ற வண்டிகளும் பிறகு பாலிஷ் போட்டுக் கைமாறத்தான் செய்கின்றன. சீட் தண்டவாளத்தின் திருகாணி, சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் வரும் கடைசிப் பகுதி, இந்த இரண்டு இடத்திலும் வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரை மணலில் விளையாடிய வண்டி என்றால் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் உள்பக்கம் துருப்பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

டயர் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். விற்பதற்கு முன் பின்னால் மட்டும் புது டயர் இரண்டு மாட்டிப் பளபளவென்று காட்டுவார்கள். புது டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) 8 மில்லிமீட்டர், தேய்ந்ததில் 3 என்றால், சுற்றளவில் சுமார் 3 சென்டிமீட்டர் வித்தியாசம். நேர் ரோட்டில் போனாலும் ஒரு கிலோமீட்டருக்குப் பத்து மீட்டருக்கு மேல் முன்னும் பின்னும் கணக்கு உதைக்கும். நான்கும் ஒரே அளவு, ஒரே கம்பெனி, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டயர் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

வாங்கிய கையோடு இஞ்சின், கியர் பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல் என எல்லா ஆயிலையும் மாற்றிவிடுங்கள், பழைய பில் எதைச் சொன்னாலும். முன் ஆக்சில் வேலை செய்யாத வண்டியாக இருந்து, மற்றபடி உங்களுக்குப் பிடித்திருந்தால், அதே வண்டியின் டூ வீல் டிரைவ் மாடல் சந்தையில் என்ன விலை என்று விசாரித்து, ரிப்பேர் செலவையும் அதில் கழித்துக்கொண்டு கேளுங்கள். விற்பவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.